ராஜ்பவன் கேள்விகள்

ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்குக் கவர்னர் எதற்கு என்று கேட்டார் அண்ணா. தாடியால் ஆட்டுக்கு நன்மையே கிடையாதா?
(திருவாரூர் வாசகர்)

ஒருமுறை தாடி ஆட்டுக்காக முறைத்துக்கொண்டதே! 1991 ஜனவரியில், தி.மு.க. ஆட்சியைக் கலைக்க அறிக்கை கேட்டது டெல்லி. கவர்னர் சுர்ஜித் சிங் பர்னாலா தர மறுத்துவிட்டார். 356-வது பிரிவில் கவர்னர் அறிக்கை இல்லாமலே கலைக்கவும் வழி உண்டு, அப்படியே கலைத்தார்கள். பர்னாலாவைப் பீகாருக்கு மாற்றினார்கள். அவர் பதவியையே உதறினார். 2004-ல் அதே கிண்டி ராஜ்பவனுக்கு மறுபடி கவர்னராக வந்தார். போடாத ஒரு கையெழுத்துக்காகவே அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

கவர்னரை யாராவது கைது செய்ததுண்டா?
(சென்னை வாசகர்)

அவருடைய சொந்த கவுன்சிலே செய்தது! 1776 ஆகஸ்டில் மாட்டிக்கொண்டவர் சென்னை கவர்னர் பிகட் பிரபு. தஞ்சாவூரை அதன் ராஜாவிடமே திருப்பி ஒப்படைத்தார். தஞ்சாவூர் வருமானத்தை நம்பி ஆர்க்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்திருந்த கம்பெனிக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. லண்டனில் விஷயம் முடிவாகி உத்தரவு கப்பலேறி வருவதற்குள், 1777 மே மாதம் காவலிலேயே இறந்துபோனார். பிடித்துப் போட்டவர்கள் பின்னால் அபராதம் கட்டினார்கள். ஓர் உயிருக்கு வெறும் அபராதமா?

கவர்னர் பதவியிலும் வாரிசு உண்டா?
(மதுரை வாசகி)

அம்மா சரோஜினி நாயுடு 1947-ல் ஐக்கிய மாகாணத்தில். மகள் பத்மஜா 1956-ல் மேற்கு வங்காளத்தில். அம்மாதான் சுதந்திர இந்தியாவின் முதல் பெண் கவர்னர். இருவருமே விடுதலைப் போரில் சிறை பார்த்தவர்கள். இந்த வாரிசுரிமையை யார் ஆட்சேபிப்பது?