கிரேவிக்கு எந்த ஒயின்?

இறைச்சிக்குச் சிவப்பு ஒயின், மீனுக்கு வெள்ளை ஒயின் என்று எவரோ ஒரு விதியை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் புண்ணியவான் ஆங்கிலக் கிராமத்து பப் எதிலும் ஒருவேளைகூடக் கை நனைத்திருக்க மாட்டார். இங்கே மீன் மீனாகவா வருகிறது? மாவில் முக்கிப் பொரித்து, பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவலும் குழைந்த பட்டாணியும் வைத்து, தலைவழியே மால்ட் வினிகரை அபிஷேகம் செய்துவிட்டுத்தான் முள்கரண்டியை எடுக்கிறார்கள். அந்தப் புளிப்புக்கு அப்புறம் சாதுவான வெள்ளை ஒயின் எதைக் குடித்தாலும் பச்சைத் தண்ணீர்தான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ரோஸ்ட்டுக்கு வினிகரில் கலந்த புதினா சாஸ். மாட்டு ரோஸ்ட்டுக்கு மூக்கு வழியாக மூளைக்கு ஏறும் ஹார்ஸ்ராடிஷ். ஸ்டேக் அண்ட் ஏல் பை என்றால் கேட்கவே வேண்டாம், அதற்குள்ளேயே பீர் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே ப்ளவ்மன்ஸ் லஞ்ச். பெயரைக் கேட்டால் ஏர் பிடித்த காலத்திலிருந்து வரப்பில் உட்கார்ந்து தின்ற உணவு என்று தோன்றும். 1960களில் இதை நாடெங்கும் பரப்பியது, சீஸ் விற்க வழி தேடிய பால் விற்பனை வாரியம். ஒரு கட்டி செடார், ரொட்டி, 1922-இல் பிறந்த பிரான்ஸ்டன் ஊறுகாய், வினிகரில் ஊறிய முழு வெங்காயம். அந்த வெங்காயத்தைக் கடித்த வாயில் போர்தோவின் எந்தப் பெரிய தோட்டத்து ஒயினும் அரை நிமிடம் தாங்காது.

நமக்கு இது புதிதல்ல. சோறு ஒன்றுதான், வத்தக்குழம்பா மோர்க்குழம்பா என்று பார்த்துத்தான் தொட்டுக்கொள்ள என்ன என்று முடிவு செய்கிறோம். ஒயினும் அப்படித்தான். தட்டில் கிடப்பது ஆடா மாடா மீனா என்று பார்த்துப் பயனில்லை. மேலே என்ன ஊற்றியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதை ஒருநாள் எங்கள் ஊர் பப்பில் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊர் சஸ்ஸெக்ஸில், சவுத் டவுன்ஸ் குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கிறது. பப்பை நடத்தும் அம்மாளுக்கு என் மூக்கின் மேல் ஏற்கெனவே அபார மரியாதை. வியாழக்கிழமை கறி இரவில், மஞ்சள்தூளின் பச்சை வாடை போகவில்லை என்று நான் சொன்னதிலிருந்து வந்த மரியாதை. “புது ஒயின் பட்டியல் போடப்போகிறேன். கம்பெனிக்காரர் சாம்பிள் பாட்டில்களோடு வருகிறார். நீங்களும் வந்து உட்காருங்கள்” என்றார். வீட்டில் சொன்னேன். “வெண்டைக்காயை ஒடிச்சுப் பாத்து வாங்கத் தெரியல. நீங்க ஒயின் பொறுக்கித் தரப்போறீங்களாக்கும்” என்றாள் மனைவி.

செவ்வாய்க்கிழமை மதியம், பப் காலி. கணப்படுப்பின் முன்னால் யாருடையதோ ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. விற்பனையாளர் இளைஞர். மூடியைத் திருகித் திறந்து, பாட்டில் கழுத்தைத் துணியால் துடைத்து, இரண்டு விரல்கடை ஊற்றி, கோப்பையைச் சுழற்றி, உள்ளே மூக்கை நுழைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். சாவிஞ்யோன் பிளாங்கில் நெல்லி வகைக் காயும் பூனை மூத்திரமும் மணக்கிறது என்றார். கபர்னேயில் பென்சில் சீவல். ரீஸ்லிங்கில் பெட்ரோல். எல்லாமே பாராட்டு! தன் சரக்கைப் பூனை மூத்திரம் என்று புகழ்ந்து விற்கக்கூடிய தொழில் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ருசி பார்த்ததைத் துப்ப ஒரு வாளி வைத்திருந்தார்கள். பெரிய மனிதர்கள் முன்னால் துப்புவதா என்று முதலில் கூசியது. பிறகு தாத்தாவின் பித்தளைப் படிக்கத்தை நினைத்துக்கொண்டேன். வெற்றிலை பாக்குப் பரம்பரை, குறி தப்பவில்லை. விற்பனையாளரே ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார்.

சமையல்காரர் ஒரு தட்டு மீன் கொண்டுவந்து வைத்தார். வினிகர் தெளித்து, ஒரு வாய் மீன், ஒரு வாய் ஒயின். பினோ கிரிஜியோ இருந்த இடம் தெரியவில்லை. தெற்குப் பிரான்ஸின் பிக்பூல் எலுமிச்சை பிழிந்த மாதிரி நின்றது. ஜெயித்தது எங்கள் குன்றுச் சுண்ணாம்பு மண்ணில் விளைந்த நுரைக்கும் ஒயின். அதன் புளிப்பு வினிகருக்குச் சளைக்கவில்லை. நுரை எண்ணெய்ப் பிசுக்கை வழித்துக்கொண்டு போனது. சஸ்ஸெக்ஸ் ஒயினுக்கு 2022-இல் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது, சர்க்கரை சேர்த்து ஒயினை நுரைக்க வைப்பது பற்றி கிறிஸ்டோபர் மெரட் 1662-லேயே லண்டன் ராயல் சொசைட்டியில் சொல்லிவிட்டார் என்றெல்லாம் விற்பனையாளர் அடுக்கினார். அம்மாள் விலையைக் கேட்டார். பதில் வந்ததும், “மீனே இதைவிட மலிவு” என்று கோப்பையைக் கீழே வைத்தார். பிக்பூல் தேர்வாயிற்று.

ஸ்டேக் அண்ட் ஏல் பை விஷயத்தில் எனக்குத் தோல்வி. பீரின் கசப்போடு ஒயினின் துவர்ப்பும் சேர்ந்தால் நாக்கு வறண்டுபோகும். துவர்ப்புக் குறைந்த போஜொலே வையுங்கள் என்று வாதாடினேன். “மால்பெக்தான் விற்கும்” என்றார் அம்மாள். அர்ஜென்டினாக்காரன், பதினாலரை சதவீதம். 2025 பிப்ரவரியிலிருந்து இங்கே ஒயின் வரி ஒவ்வொரு புள்ளி போதைக்கும் ஏறுகிறது என்று பொருளாதாரம் பேசியும் பலிக்கவில்லை. 125 மில்லி கோப்பையும் பப்பில் கிடைக்க வேண்டும் என்று 2010-லிருந்து சட்டம் இருக்கிறது. கேட்பார்தான் இல்லை. எல்லாரும் கேட்பது 250 மில்லி, அதாவது பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. மால்பெக்கில் அப்படி இரண்டு அடித்தவர் வீட்டுக்கு வழியை நாயிடம்தான் கேட்க வேண்டும்.

வெங்காயத்துக்குச் சைடர் என்று எல்லாரும் ஒருமனதாகக் கைகழுவினோம். ஸ்டிக்கி டாஃபி புட்டிங்குக்கு அதைவிட இனிப்பான ஒயின் வேண்டும்; அப்படி ஒன்றைக் குடிப்பதற்குப் பதில் இன்னொரு புட்டிங் சாப்பிடலாம்.

மிச்சம் கறி இரவு. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். போதையும் துவர்ப்பும் மிளகாய்க் காரத்தைத் தூக்கிவிடும், லேசான இனிப்பு அடக்கும். விற்பனையாளர் கெவுர்ட்ஸ்ட்ராமினர் என்றார். “தெளிவாக இருக்கும்போதே வாயில் நுழையாத பெயர். இரண்டாவது கோப்பையை எவர் கேட்பார்?” என்றார் அம்மாள். ஆகவே பெட்ரோல் மணக்கும் அரை இனிப்பு ரீஸ்லிங்கை நான் சொன்னேன். கறியோடு நிஜமாகவே நன்றாக இருந்தது. வியாழக்கிழமை போய்ப் பார்த்தால் ஊரே கறியோடு லாகர் குடித்துக்கொண்டிருந்தது. கரும்பலகையில் மட்டும் ரீஸ்லிங்குக்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘எங்கள் சொந்த இந்தியரின் தேர்வு’ என்று எழுதியிருந்தது.

மனைவி அதை இரண்டு முறை படித்தாள். “அவங்க சொந்த இந்தியராமே. அப்போ ராத்திரிச் சாப்பாட்டையும் இங்கேயே பாத்துக்குங்க” என்றாள்.