லவ் பேர்ட்ஸ் பானையில் முட்டையின்மை: ஒரு முன்னோட்ட ஆய்வு

வீட்டுக் கூண்டில் தொங்கும் மண்பானைக்குள் முட்டை காணப்படாமையின் காரணங்களை இக்கட்டுரை ஆராயப் புகுகின்றது. புகுமுன் எல்லை வகுத்தல் மரபு. கடைக்காரர் எதைக் கையில் கொடுத்து ‘லவ் பேர்ட்ஸ் சார்’ என்கிறாரோ, அதுவே இங்கு லவ் பேர்ட்ஸ். அறிவியலார் அதைப் பட்ஜெரிகர் என்பர். ஆஸ்திரேலியப் பறவை. 1840இல் ஜான் கூல்ட் என்பவர் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். சங்க இலக்கியத்தில் இதற்கு இடமில்லை. இடமுண்டு என்று நிறுவ ஒருவர் விரைவில் வருவார், முனைவர் பட்டமும் பெறுவார். பச்சைக்கிளி இவ்வாய்வில் இடம்பெறாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது கூண்டிலும் இடம்பெறக் கூடாது.

வளர்ப்போர் மூவகையர். பொழுதுபோக்குக்கு வளர்ப்போர்: இவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குஞ்சு எடுத்து விற்போர்: சட்டைப்பையில் தினை உமி இருக்கும். கண்காட்சிக்குக் கொண்டுபோவோர்: இவர்களுடைய தாயகம் இங்கிலாந்து. 1925 முதல் இதற்கென அங்கே சங்கம் உண்டு. தலை பெரிதா, கழுத்துக்குக் கீழே கரும்புள்ளி ஆறும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று நடுவர்கள் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். பரிசு வாங்கும் பறவை சிலவற்றுக்கு நெற்றி இறகு வளர்ந்து கண்ணையே மறைக்கும். பொன்னாடை மேல் பொன்னாடையாகப் போர்த்தப்பட்டு மேடையில் அமர்ந்திருக்கும் அறிஞரை அது பெரிதும் ஒக்கும்.

இனி முட்டையின்மை. இது குறித்து எங்கள் குடியிருப்பில் நிலவும் கொள்கைகள் பல.

முதலாவது திசைக் கொள்கை. பானையின் வாய் கிழக்கு நோக்க வேண்டும் என்பது கீழ்வீட்டார் துணிபு. மாடிவீட்டார் இதை மறுத்து வடக்கே என்பர் (மாடிவீட்டார் உரை, துணி காயப்போடும் படலம், இரண்டாம் கொடி). இருவருக்கும் நடுவே நின்ற இஸ்திரிக் கடைக்காரர் ‘வடகிழக்கு’ என்று அமைதி கூறினார். பானை திருப்பப்பட்டது. முட்டை விழவில்லை. ஆகவே கொள்கை தவறென்று கருதற்க. பானையைத் திருப்பிய நாள் அஷ்டமி என்பது பின்னர்த் தெரியவந்தது (தினசரிக் காலண்டர், கிழித்துப் பல்பொடி மடித்த தாள், எஞ்சிய பகுதி).

இரண்டாவது கண்ணேறு கொள்கை. எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கூண்டில் கட்டப்பட்டன. மிளகாயைப் பறவைகள் தின்றுவிட்டன. பறவைக்குக் காரம் உறைக்காது என்பது மெய்யான அறிவியல். அதனால் திருஷ்டியும் உறைக்காது எனக் கொள்ளலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

மூன்றாவது உணவுக் கொள்கை. தினையோடு கணவாய் ஓடும் வைத்தால் சுண்ணாம்புச் சத்து கிடைத்து முட்டையோடு உறுதிப்படும். இது உண்மையாக இருப்பதால் ஆய்வுக்கு உகந்ததன்று.

நான்காவது காலக் கொள்கை. முட்டைக்கு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பதில் பாடபேதம் உள்ளது. ‘மூணு மாசம்’ என்று ஒரு பிரதி. ‘ஆறு மாசம்’ என்று இன்னொரு பிரதி (கடை ரசீதின் பின்பக்கம், கறிவேப்பிலை வாங்கக் குறித்த வரிக்குக் கீழ், எச்சம் பட்டுச் சிதைந்த இடம்; சிதைவை முற்றுப்புள்ளி என்று கொள்வார் மதம் வேறு). ‘ஆறு’ என்பது கடைக்காரரே பிற்காலத்தில், நாம் சண்டைக்குப் போனபோது, செய்த இடைச்செருகல் என்க.

இவ்வளவு கொள்கைகள் எழுந்தும் ஒருவரும் பறவையின் மூக்கைப் பார்க்கவில்லை. மூலத்தைத் தொடாமல் உரைக்கு உரை எழுதி நூறு பக்கம் நிரப்புவது நமக்கொன்றும் புதிதல்லவே.

அலகுக்கு மேலே, மூக்குத்துளையைச் சுற்றிச் சதை போன்ற பட்டை ஒன்றுண்டு. வளர்ந்த ஆணுக்கு அது நல்ல நீலம். பெண்ணுக்கு வெளிர்நிறமாக இருந்து, முட்டையிடும் பருவத்தில் பழுப்பாகிச் சொரசொரக்கும். எங்கள் கூண்டில் இருந்த இரண்டுக்கும் மூக்கு நீலம். இரண்டும் ஆண்.

‘ஆணாயின் அவை ஒன்றுக்கொன்று வாயில் ஊட்டுவானேன்?’ என்று கீழ்வீட்டார் தடை எழுப்பினார். ஒரே கூண்டில் வாழும் இரண்டு ஆண்கள் அப்படி ஊட்டிக்கொள்வதுண்டு. இரண்டு பெண்களை அடைத்தால் கதை வேறு. அவை அடித்துக்கொள்ளும், முட்டையும் இடும், பதினெட்டு நாள் ஆனாலும் குஞ்சு வராது. அது முட்டையுண்மை பற்றியது. நிதி கிடைத்தால் தனி ஆய்வாக வரும். வெள்ளை, மஞ்சள் வகைகளில் சில ஆண்களுக்கு நீலமே ஏறாது, இளஞ்சிவப்பாகவே நின்றுவிடும். இந்த ஒரு விதிவிலக்கைக் கையில் வைத்துக்கொண்டு, மூக்குக் கொள்கை அடியோடு பொய் என்று நிறுவுவதாக மாடிவீட்டார் அறிவித்திருக்கிறார். முதல் அத்தியாயம் படியிறங்கும்போதே தொடங்கிவிட்டது.

வாங்கப்போகும் வாசகர்களுக்கு ஒன்று. நெற்றியில் கோடு மூக்குவரை இறங்கியிருந்தால் அது குஞ்சு. முதல் இறகு உதிர்ந்து, மூன்று நான்கு மாதத்தில் நெற்றி வெளுக்கும்வரை நிறத்தை நம்ப வேண்டாம். நெற்றி வெளுத்ததாக, ஒரு நீல மூக்கும் ஒரு பழுப்பு மூக்கும் பார்த்து எடுங்கள். ‘கண்ணை மூடிக்கிட்டு எடுங்க சார், சுத்தமான ஜோடி’ என்பார் கடைக்காரர். திறந்தே வைத்திருங்கள்.