ஒரே பக்கம், ஆறு விநாடி

“ரெஸ்யூம் ஒரே பக்கம்தான் இருக்கணும். ஹெச்ஆர் அதை ஆறு விநாடிதான் பார்ப்பார்.”

சேலத்தைச் சுற்றி எந்தக் கல்லூரியின் கருத்தரங்கக் கூடத்தில் எட்டிப் பார்த்தாலும், காலரில் மைக் செருகிய ஒருவர் இதைச் சொல்லிக்கொண்டிருப்பார். முன்வரிசையில் துறைத்தலைவர்கள் செல்பேசியில் மூழ்கியிருப்பார்கள். கடைசி வரிசையில் ஏற்காட்டிலிருந்து இறங்கிவந்த பையன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நாகலூர்ப் பக்கம் வீடு. அம்மா எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கிறார். விடிவதற்கு முன் கிளம்பி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நின்றபடியே இறங்கி, அடிவாரத்தில் இன்னொரு பஸ் பிடித்து மூன்று வருடம் படித்தவன். குடும்பத்தில் முதல் பட்டதாரி. அவன் படிப்புக்கும் அவன் அம்மாவின் முதுகுவலிக்கும் சேர்த்து ஆறு விநாடி ஒதுக்கியிருக்கிறார்கள். பெரிய மனசுதான்.

மைக் ஆசாமியைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் பேசிவிட்டுக் கவரை வாங்கிக்கொண்டு போகிறவர். அவர் விட்டதை நான் காசு வாங்காமல் சொல்லித் தருகிறேன். கேட்டுக்கொள் தம்பி.

முதலில் ‘கேரியர் அப்ஜெக்டிவ்’. சவாலான சூழலில் பணியாற்றி, நிறுவனத்தின் வளர்ச்சியோடு நானும் வளர விரும்புகிறேன் என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அதை நீ எழுதத் தேவையில்லை. புது பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பிரவுசிங் சென்டர் கணினியில் அந்த வரி உனக்கு முன்பே பிறந்து உட்கார்ந்திருக்கிறது. கடைக்காரர் போன வருடத்து அண்ணன் பெயரை அழித்து உன் பெயரைப் போடுவார். சில சமயம் அண்ணனின் அப்பா பெயரை அழிக்க மறந்துவிடுவார், அதை மட்டும் பார்த்துக்கொள். காட்டெருமை மேயும் தடத்தில் டார்ச் அடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவந்தவனிடம், ‘சவாலான சூழலை விரும்புகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! உன் உண்மையான அப்ஜெக்டிவ் எனக்குத் தெரியும். மாதம் பிறந்தால் சம்பளம் வர வேண்டும், அம்மா மழையில் நனைந்து பழம் பறிப்பதை நிறுத்த வேண்டும். அதை எழுதினால் ரெஸ்யூம் குப்பைக்குப் போகும். வயிற்றுக்காக வேலை கேட்பவனை எவனும் மதிப்பதில்லை, ‘பேஷன்’ இருப்பவனைத்தான் தேடுகிறார்கள்.

அடுத்தது அனுபவம். ‘ஃப்ரெஷர் வேலை, இரண்டு வருட அனுபவம் அவசியம்’ என்று விளம்பரம் கொடுக்கிற உலகம் இது. அதற்காகச் சோர்ந்துபோகாதே, உனக்கு அனுபவம் உண்டு. பள்ளி விடுமுறையில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து, உச்சிவரை ஏறி மிளகு பறித்திருக்கிறாய். காபியில் பழுத்தது எது, செங்காய் எது என்று விரல் தொட்டவுடன் தெரியும். பறித்த பழத்தை அன்றைக்கே தோலுரிக்கும் பல்பரில் போடாவிட்டால் புளித்து வீணாகும் என்று தெரியும். உலர்களத்தில் காயும் கொட்டையைக் கடித்துப் பார்த்து ஈரம் சொல்வாய். இதையெல்லாம் எழுதினால் மைக் ஆசாமி சிரிப்பார். ‘ரிலெவன்ட் இல்லை’ என்பார். ஆனால் பெங்களூருவில் ஒரு குவளை காபிக்கு நானூறு ரூபாய் வாங்குகிறவன் அதே விஷயத்தை ஏப்ரன் கட்டிக்கொண்டு சொன்னால், அவனுக்கு ‘காபி கானசர்’ என்று பட்டம். நீ செய்தால் கூலி, அவன் சொன்னால் தொழில்முனைவு.

அனுபவத்தை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு ஏற்காட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை. காபியை இந்த மலைக்குக் கொண்டுவந்தவர் என்று பெயர். சுற்றுலாக் கையேடுகள் அவரை ‘ஏற்காட்டின் தந்தை’ என்கின்றன. மலையாளிப் பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாகச் சாமி கும்பிட்டு, தினை விதைத்து வாழ்ந்த மலைக்குக் கப்பலேறி வந்த ஒருவர் தந்தை! காட்டை வெட்டியவன், குழி தோண்டியவன், நாற்றுச் சுமந்து ஏறியவள் ஆகியோரின் பெயர்கள் ஒரே பக்கத்துக்குள் அடங்கவில்லை போலிருக்கிறது. அடுத்தவன் முதுகால் நடந்ததைத் தன் சாதனையாக ஒரு வரியில் எழுதுவதற்கு இன்றைக்கு ‘டீம் லீட்’ என்று பெயர். இதே சேர்வராயன் மலையிலிருந்து மால்கோ அலுமினிய ஆலைக்காகப் பாக்சைட் லாரி லாரியாக மேட்டூருக்கு இறங்கியது. அந்த மண்ணிடம் யாரும் ரெஸ்யூம் கேட்கவில்லை. மலையில் விளைந்ததும் புதைந்ததும் கேள்வியில்லாமல் கீழே போகலாம். மலையில் பிறந்தவன் இறங்கினால்தான் ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்று ஆரம்பிக்கிறார்கள்.

இப்போது மைக் ஆசாமி குரலைத் தாழ்த்தி முக்கியமான விஷயத்துக்கு வருகிறார். “ரெஸ்யூமில் பொய் மட்டும் எழுதாதீங்க. பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல மாட்டிக்குவீங்க.”

எந்த மேடையில் நின்று இதைச் சொல்கிறார்கள்? 2024 ஜூலையில், ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ள பொறியியல் கல்லூரிகளில் 353 பேராசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் ‘முழுநேரமாக’ வேலை பார்ப்பதாகக் கணக்கு. சம்பந்தப்பட்ட கல்லூரிகள் 224. ஒருவர் பதினொரு கல்லூரிகளில் முழுநேர ஊழியர்! பல்கலைக்கழகமே பிறகு சரிபார்த்துவிட்டு, 189 பேரை வைத்து ஏறத்தாழ 2,000 பணியிடங்களை நிரப்பியிருப்பதாகச் சொன்னது. நீ உன் ரெஸ்யூமில் ‘டைம் மேனேஜ்மென்ட்’ என்று ஒரு திறமை எழுதியிருக்கிறாயே, பதினொரு ஊரில் ஒரே காலைவேளையில் வருகைப்பதிவேட்டில் நின்றவருக்கு முன்னால் உனக்கு வெட்கமாக இல்லையா?

தமிழ்நாட்டில் எழுதப்பட்ட மிகப் பெரிய பொய் ரெஸ்யூம், கல்லூரிகள் அங்கீகாரத்துக்காக எழுதிய ரெஸ்யூம்தான். அந்த ஆசிரியர்கள் இல்லாத வகுப்புகளில்தான் உன் தலைமுறை கட்டணம் கட்டி உட்கார்ந்தது. அவர்கள் வராததால் புரியாமல் போன பாடத்தைக் காட்டித்தான், ‘தமிழ்நாட்டுப் பட்டதாரிகளிடம் வேலைக்கேற்ற திறன் இல்லை’ என்று தொழில்துறை மாநாடுகளில் கவலைப்படுகிறார்கள். சாலையோரப் பலகையில் ‘100 சதவீதம் பிளேஸ்மென்ட்’ என்று எழுதியவனை எந்த வெரிஃபிகேஷனும் தேடிப் போனதில்லை. ஒரே பையனுக்கு மூன்று ஆஃபர் வந்தால் மூன்று பேருக்கு வேலை என்று எண்ணுகிற கணிதம் எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது? இறுதியாண்டு ப்ராஜெக்டை ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கி வருவதைக் கண்டும் காணாமல் மதிப்பெண் போட்ட கூடம்தான், இன்று உனக்கு நேர்மை பற்றிப் பயிலரங்கு நடத்துகிறது.

பல்கலைக்கழகத்தின் பெயரை ரெஸ்யூமில் தடித்த எழுத்தில் போடச் சொல்வார்கள். போடு. சேலம் பெரியார் பல்கலைக்கழகம், 1997இல் தொடங்கியது. சாதியை ஒழிக்கப் போராடிய மனிதரின் பெயர் தாங்கிய அந்த இடத்தில்தான், 2022 ஜூலையில் முதுகலை வரலாற்றுத் தேர்வில், தமிழ்நாட்டில் தாழ்ந்த சாதி எது என்று நான்கு விடைகள் கொடுத்துக் கேட்டார்கள். கேள்வித்தாள் வெளியிலிருந்து வந்தது என்று விளக்கம் சொன்னார்கள். நல்ல வேளை, அந்தக் கேள்வித்தாளைத் தயாரித்தவருக்கும் எங்கேயோ ஒரு ரெஸ்யூம் இருக்கும். அதில் ‘அட்டென்ஷன் டு டீடெயில்’ என்று எழுதியிருப்பார்.

உன்னைச் சரிபார்ப்பதைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். நீ மலையாளிப் பழங்குடி என்றால், இந்த ஒரு பக்கத்துக்கு முன்பே இன்னொன்றை எழுதியிருப்பாய். சாதிச் சான்று. பழங்குடிக்கு அதைத் தாசில்தார் கொடுத்துவிட முடியாது, கோட்டாட்சியர் கொடுக்க வேண்டும். தாத்தா யார், எந்தக் கிராமம், எந்தச் சாமி, கல்யாணத்தில் என்ன சடங்கு, அத்தனைக்கும் பதில் சொல்ல வேண்டும். வேலை கிடைத்த பிறகும் விடமாட்டார்கள். மெய்த்தன்மை அறிய மாநில அளவில் கூர்நோக்குக் குழு இருக்கிறது, ஓய்வு பெறும் வயதில்கூட அழைப்பு வரும். போலிச் சான்றைப் பிடிக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் பத்து தலைமுறையாக ஒரே மலையில் இருப்பவன் ‘நான் நான்தான்’ என்று நிரூபிக்க இத்தனை குழு. பதினொரு கல்லூரியில் இருப்பதாகச் சொன்னவர் ஒரே ஆள்தானா என்று எந்தக் குழுவும் பார்க்கவில்லை. அதைக் கண்டுபிடிக்க வெளியிலிருந்து ஒரு இயக்கம் வர வேண்டியிருந்தது.

நிறுவனங்களுக்கு வருவோம். விப்ரோ 2023இல், ஆண்டுக்கு ஆறரை லட்சம் தருவதாகச் சொல்லிக் காத்திருக்க வைத்த புதியவர்களிடம், ‘மூன்றரை லட்சத்துக்கு வருகிறீர்களா’ என்று கேட்டது. இன்ஃபோசிஸில் 2022இல் வேலை உறுதி பெற்றவர்களில் பலர் இரண்டு வருடம் வாசலிலேயே நின்றார்கள். பிறகு உள்ளே போனவர்களில் 300க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள், தேர்வில் தேறவில்லை என்று 2025 பிப்ரவரியில் மைசூரு வளாகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். காக்னிசன்ட் 2024இல் மூன்றாண்டுப் பட்டதாரிகளுக்கு அறிவித்த ஆண்டுச் சம்பளம் 2.52 லட்சம், அதாவது பிடித்தம் போவதற்கு முன் மாதம் 21,000 ரூபாய். நீ ரெஸ்யூமில் ஒரு மாத இடைவெளி விட்டால் ‘இந்த கேப் எதனால்?’ என்று புருவத்தைத் தூக்குவார்கள். இரண்டு வருடக் கேப்பை உருவாக்கியவர்களிடம் யார் புருவத்தைத் தூக்குவது?

சனிக்கிழமை ஏற்காட்டுக்குத் திரும்புகிறாய். அங்கே ரிசார்ட்டில் உனக்கு வாரக்கடைசி வேலை. இந்த உலகத்தில் உன்னிடம் ரெஸ்யூம் கேட்காமல் ‘நாளைக்கு ஆறு மணிக்கு வந்துடு’ என்று சொன்ன ஒரே இடம். அன்றைக்குப் பெங்களூருவிலிருந்து ஒரு கம்பெனிக் கூட்டம் ‘டீம் அவுட்டிங்’ வந்திருக்கிறது. பகோடா பாயின்ட்டில் படம் பிடித்து, புல்வெளியில் கயிறிழுத்து, அணியுணர்வை வளர்த்துக்கொண்டு, ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஹெச்ஆர் ஒருவர் கிளாஸைச் சுழற்றியபடி சலித்துக்கொள்கிறார்: “நல்ல கேண்டிடேட்டே கிடைக்க மாட்டேங்கறாங்கப்பா.” நீ குனிந்து நெருப்பில் இன்னொரு கட்டையைப் போடுகிறாய். அவர் ‘தேங்க்ஸ் பிரதர்’ என்கிறார். உன் ரெஸ்யூம் அவருடைய மின்னஞ்சலில்தான் கிடக்கிறது. அதை அவர்கூடப் பார்க்கவில்லை, மென்பொருள் பார்த்தது. கேட்ட சொல் இல்லையென்று கழித்துவிட்டது. ஆறு விநாடி என்றதெல்லாம் மனிதர்கள் படித்த காலத்துக் கதை.

உன் வகுப்புப் பெண்களுக்குத் தனிக் கேள்விகள் இருக்கின்றன. ‘கல்யாணம் எப்போ? ஷிஃப்ட்டுக்கு வீட்ல விடுவாங்களா?’ அதற்கு ரெஸ்யூமில் கட்டமில்லை, நேர்காணலில் வாய்மொழியாகவே கேட்டுவிடுவார்கள். எழுத்தில் கேட்டால் சட்டம் படித்தவன் எவனாவது வந்துவிடுவான் அல்லவா?

அரசு வேலைக்குப் போகலாம் என்பாய். 2024 குரூப் 4 தேர்வில் அறிவிக்கப்பட்டவை 6,244 இடங்கள், விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். அந்த விண்ணப்பத்தில் ‘அப்ஜெக்டிவ்’ கேட்பதில்லை. 20 லட்சம் பேருக்கும் ஒரே அப்ஜெக்டிவ்தான் என்பது அரசுக்குத் தெரியும். 2019இல் தமிழ்நாடு சட்டப்பேரவைச் செயலகத்தில் 14 துப்புரவுப் பணியிடங்களுக்கு 4,600 பேர் விண்ணப்பித்தார்கள், அவர்களில் எம்.டெக்., எம்.பி.ஏ. படித்தவர்களும் உண்டு. அதே வருடம் கோவை மாநகராட்சியில் 549 தூய்மைப் பணியிடங்களுக்கு வந்த 7,000 பேரிலும் பொறியாளர்கள் இருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரு சாதியின் தலையில் கட்டிவைத்த வேலை, நிரந்தரச் சம்பளம் என்றவுடன் எல்லோரையும் வரிசையில் நிறுத்திவிட்டது. அந்த நேர்காணலில் ‘ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?’ என்று கேட்டிருப்பார்களோ என்று நான் யோசிப்பதுண்டு.

கடைசியாக உறுதிமொழி. ‘மேற்கண்ட தகவல்கள் யாவும் உண்மை என்று உறுதியளிக்கிறேன்.’ கையெழுத்து, இடம், தேதி. இந்த வேலைச் சந்தையில் இப்படி ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவன் நீ ஒருவன்தான். கல்லூரியின் விளம்பரப் பலகையில் அந்த வரி கிடையாது. ஆஃபர் லெட்டரில் இருப்பதோ, ‘நிறுவனத்தின் தேவைக்கேற்ப மாற்றத்துக்கு உட்பட்டது’ என்ற பொடி எழுத்து.

அடுத்த முறை கம்பெனிக்காரர்கள் கேம்பஸுக்கு வரும்போது நீயும் கேட்டுப் பார். ‘சார், உங்க ரெஸ்யூம் ஒண்ணு கிடைக்குமா? போன மூணு வருஷத்துல எத்தனை பேருக்கு ஆஃபர் கொடுத்தீங்க, எத்தனை பேரைச் சேர்த்தீங்க, எத்தனை மாசம் காக்க வச்சீங்க, எத்தனை பேரை அனுப்பினீங்க?’ அப்படியே முன்வரிசைப் பக்கம் திரும்பி, உங்கள் துறையில் யார் யார் வேறு எந்தெந்தக் கல்லூரியில் முழுநேரமாக இருக்கிறார்கள் என்றும் கேள். கீழே உறுதிமொழி வேண்டும், கையெழுத்து வேண்டும் என்று சொல். யாரும் தரமாட்டார்கள். உன் பெயருக்கு நேரே ‘ஆட்டிட்யூட் பிராப்ளம்’ என்று மட்டும் குறித்துக்கொள்வார்கள்.