நீங்கதான் நீங்களா?

நம் ஆயுள் சேமிப்பை வங்கியிடம் நம்பிக் கொடுக்கலாம். ஐந்து ரூபாய்ப் பேனாவை நம்மிடம் நம்பிக் கொடுக்க வங்கியால் முடியாது. சணலில் கட்டிப் போட்டிருக்கிறார்கள், அதுவும் எழுதாத பேனாவை.

சுவரில் காந்தி படம். வாடிக்கையாளர்தான் முக்கிய விருந்தாளி என்று அவர் சொன்னதாகப் பலகை. அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் இல்லையாம். கவுன்ட்டரில் அரை மணி நேரம் நின்றவர்கள் இதை ஆராய்ச்சி இல்லாமலே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

கேஒய்சி என்னும் வாடிக்கையாளர் அடையாள விவரத்தை ஆபத்துக் குறைந்தவர்கள் 10 ஆண்டுக்கு ஒருமுறையும், நடுத்தரம் 8 ஆண்டிலும், அதிகம் என்றால் 2 ஆண்டிலும் புதுப்பிக்க வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி. அதைப் புதுப்பிக்காததால் பென்ஷன் கணக்கு முடங்கிய பெரியவர் கேட்கிறார்: "முப்பது வருஷமா இதே பிராஞ்ச்தானே சார்?"

"இருக்கட்டும் ஐயா. நீங்கதான் நீங்கன்னு ஆதார் ஜெராக்ஸ் வேணும்ல? கொண்டு வாங்க. இப்ப சர்வர் டவுன், நாளைக்கு வாங்க."

அவர் திரும்பி நடக்கும்போது பக்கத்து மேசையிலிருந்து தேனாய் ஒரு குரல்: "ஐயா, உட்காருங்க, காபி சாப்பிடறீங்களா? நல்ல இன்ஷூரன்ஸ் பாலிசி ஒண்ணு வந்திருக்கு." அந்த மேசைக்கு மட்டும் சர்வர் ஒருநாளும் டவுன் ஆவதில்லை.