ஃப்ளாக்ஸ் சார்

மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவே சவுக்குத் தோப்பை அழித்து மனை போட்ட எந்த நகரானாலும் சரி, மூன்றாவது தெருவில் இவர் ஒருவர் இருப்பார். பணி ஓய்வு, பனியன், தோளில் துண்டு, கையில் களைக்கொட்டு. மகன் மிச்சிகனில். ஆறு மாதம் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போனவர், திரும்பி வந்து பேரனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் ஃப்ளாக்ஸைப் பற்றி ஒன்பது சொல்வார்.

"ஒரு தடவ நட்டா போதும் சார், வருஷா வருஷம் தானா துளுக்கும். பனிக்காலம் பூரா மண்ணுக்குள்ள தூங்கிட்டு, கோடையில இடுப்பு ஒசரத்துக்கு நிக்கும். கொத்துக் கொத்தா பூ. என்ன வாசனை!"

மார்கழியில் நம் ஊர்த் தொட்டிகளிலும் ஃப்ளாக்ஸ் பூக்கிறதே என்று வாய் விட்டேன். தப்பு. 1830-களில் தாமஸ் டிரம்மண்ட் டெக்சாஸில் விதை சேகரித்த, ஒரே பருவத்தில் முடிந்துபோகிற செடி அது. "அது டிரம்மண்டி சார். நம்மது பேனிகுலாட்டா!"

"பனி வேணுமே சார்?"

"ஃப்ரிட்ஜ் எதுக்கு இருக்கு?"

ஈரமணல் டப்பாவில் விதைகள் ஆறு வாரம் இட்லி மாவுக்கும் தயிருக்கும் நடுவே குளிர்காலம் கழித்தன. வந்தது பதினோரு நாற்று. டேப் பிடித்து இரண்டடிக்கு ஒன்றாக நட்டார்; காற்றோட்டம் இல்லாவிட்டால் சாம்பல் நோய் வருமாம். கடற்காற்று குறைவில்லாமல் வந்தது, உப்போடு. கிணற்றுத் தண்ணீரும் கரிப்பு. எனவே கேன் தண்ணீர் செடிக்குப் போக மிச்சம்தான் வீட்டுக்கு. கத்திரி வெயிலில் வேரடிக்கு ஐஸ்கட்டி. அப்படியும் ஒன்பது கருகின. "சாம்பல் நோய் வர்ற அளவுக்காவது வளரக் கூடாதா?" என்று அவரே ஒருநாள் பெருமூச்சு விட்டார். மறுவாரம் மிச்சம் இரண்டும் போயின.

இத்தனையையும் காம்பவுண்டுச் சுவர் வெடிப்பிலிருந்து நித்தியகல்யாணி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அதே ஐந்து இதழ், அதே ரோஸ் நிறம், நடுவில் அதே கண். தண்ணீர் கேட்டதில்லை, ஆடும் வாய் வைக்காது. ரத்தப் புற்றுநோய்க்கான வின்கிறிஸ்டின் இந்தச் செடியிலிருந்துதான் கிடைக்கிறது. சாருக்கு மட்டும் அது சுடுகாட்டு மல்லி. வாரா வாரம் பிடுங்குவார். அடுத்த வாரம் முளைத்திருக்கும். இதுவும் மடகாஸ்கரிலிருந்து வந்த வெளிநாட்டுச் சரக்குதான் என்று எடுத்துச் சொன்னேன். மிச்சிகன் வழியாக வராததால் எடுபடவில்லை.

போன ஞாயிறு நான் அங்கே இருந்தபோது வீடியோ காலில் மருமகள்.

"மாமா, பின்னாடி செவுத்துக்கிட்ட அது ஃப்ளாக்ஸா? சூப்பரா பூத்திருக்கே!"

சார் திரும்பிச் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஃபோனை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"எலையில தண்ணி படக் கூடாதும்மா. வேர்ல மட்டும்தான் விடணும்."