‘டாட் எஸ்ஓ’ போட்டாத் தப்பிச்சுக்கலாமாக்கும்?

வா கண்ணு, சித்தெ உக்காரு. கம்பெனி ஆரம்பிச்சுட்டியாமா, உங்கொப்பன் சொன்னான். ரொம்பச் சந்தோசம். ஊருல சும்மா கெடைக்கற லைப்ரரியெல்லாம் அள்ளிப் போட்டு, நடுவால நாலு வரி நீ எழுதி, மேல உன்ற பேரப் போட்டு விக்கறயாமா. கெட்டிக்காரன்தான். லைசென்ஸ் என்னாச்சுடான்னு கேட்டா, “நாங்க ஸ்டேட்டிக்கா லிங்க் பண்றதில்லீங்க தாத்தா, எல்லாம் ‘டாட் எஸ்ஓ’ன்னு முடியற ஷேர்டு லைப்ரரிதான், ஒண்ணும் வராது”ங்கற. யாரு சொன்னா கண்ணு? பக்கத்துச் சீட்டுக்காரனா? அவனுக்கு யாரு சொன்னாங்களாமா?

நான் பத்திர ஆபீசு வாசல்ல குந்தி எழுதியே வயித்தக் கழுவுனவன். கம்ப்யூட்டர் எனக்கு எட்டாது. ஆனா ஒரு தாளுல “ஆனால்”ங்கறது எங்க ஒளிஞ்சிருக்குன்னு மோந்து புடிச்சிருவேன். உன்ற தங்கச்சிதான் ஜிபிஎல்ங்கற அந்த லைசென்ஸைப் பிரிண்ட் எடுத்துக் குடுத்து, புரியாத எடத்துல சொல்லியும் குடுத்தா. 1991ல எழுதுன ரெண்டாவது பதிப்பு. சும்மா சொல்லக்கூடாது, நல்ல கைதான்.

ஸ்டேட்டிக்குன்னா குழம்புல கரைச்ச உப்பு. ஷேர்டுன்னா எலை ஓரத்துல வெச்ச ஊறுகாய். இந்த வித்தியாசத்துக்கு மரியாதை குடுக்கறது ஜிபிஎல்லோட தம்பி எல்ஜிபிஎல். ஜிலிப்சி, எஃப்எஃப்எம்பெக் எல்லாம் அந்த வகை. ஊறுகாயா வெச்சியா, உன்ற சோர்ஸ் கோடு உங்கிட்டயே இருக்கட்டும். வாங்குனவன் அந்த ஊறுகாய எடுத்துட்டு அவன் வீட்டு ஊறுகாய வெச்சுக்க வழி விடு. உப்பாக் கரைச்சியா, அவன் மறுபடி லிங்க் பண்ணிக்க உன்ற ஆப்ஜெக்ட் ஃபைலையாவது குடு. ரெண்டுலயும் லைப்ரரியோட சோர்ஸும் லைசென்ஸ் தாளும் கூடப் போகோணும். அவ்வளவுதான் கேக்கறான்.

நீ என்ன பண்ணியிருக்க? வக்கீலுக்குக் காசு குடுத்து, “ரிவர்ஸ் இன்ஜினியரிங் பண்ணக் கூடாது”ன்னு கொட்டை எழுத்துல போட்டு வெச்சிருக்க. எல்ஜிபிஎல் 2.1ல ஆறாவது பிரிவு படிச்சியா? வாங்குனவன் தன் சொந்த உபயோகத்துக்கு மாத்திக்கலாம், அதுல பிழை பாக்க ரிவர்ஸ் இன்ஜினியரிங்கும் பண்ணலாம்னு உன்ற ஒப்பந்தமே அனுமதிக்கோணுமாமா. வக்கீலு காப்பியடிச்சாரு, நீ கையெழுத்துப் போட்ட. பரவால்ல, ரெண்டு பேரும் படிக்கல, அதுல ஒத்துமை இருக்குது.

ஜிபிஎல்லுக்கு வா. அதை எழுதுன ஸ்டால்மன் ஆளுங்களக் கேட்டா, குழம்புல இருந்தா என்ன, ஓரத்துல இருந்தா என்ன, எலை ஒண்ணுதானே, உன்ற சோர்ஸையும் ஜிபிஎல்லுல குடும்பாங்க. ரீட்லைன்னு ஒரு சின்ன லைப்ரரி. டெர்மினல்ல மேல் அம்புக்குறிய அமுக்குனா போன கமாண்டு திரும்ப வருதே, அந்த வேலை. அது எல்ஜிபிஎல் இல்ல, முழு ஜிபிஎல். 1992ல ஜெர்மனிக்காரர் புரூனோ ஹைபிள், சிலிஸ்ப்னு அவரு கூட்டாளியோட பண்ணுன லிஸ்ப் மொழிப் புரோகிராமுக்கு அதைச் சேர்த்துக்கிட்டாரு. ஸ்டால்மன் கடுதாசி போட்டாரு. நம்மாளு உன்னை மாதிரியே கெட்டிக்காரர். அதே பேருல ஃபங்ஷன் மட்டும் இருக்கற பொய் ரீட்லைன் ஒண்ணு பண்ணி, “இதை வெச்சுக் குடுத்தர்றேன், நெசமானதை வேணுங்கறவன் சேர்த்துக்கட்டும்”னாரு. ரெண்டுன்னு காட்டுனாலும் அது ஒரே புரோகிராம்தான்னு பதில் வந்துது. கடசில சிலிஸ்ப் முழுசையும் ஜிபிஎல்லுலயே விட்டுட்டாரு. அத்தனை கெட்டிக்காரத்தனமும் ஒரு மேல் அம்புக்குறிக்கு! இன்னிக்கா இருந்தா அதே வேலைக்கு, சோர்ஸ் கேக்காத பிஎஸ்டி லைசென்ஸ்ல லிப்எடிட் இருக்குது, சத்தமில்லாம மாத்தியிருக்கலாம்.

“ஷேர்டா லிங்க் பண்ணுனதும் அந்த லைப்ரரில இருந்து பொறந்ததுதான்னு அமெரிக்காவுல எந்தக் கோர்ட்டும் அறுதியாச் சொல்லலையே”ங்கற. வாஸ்தவம். வக்கீலுங்களே ரெண்டு கட்சியா நிக்கறாங்க. உன்ற கம்பெனி பேருலதான் அந்தத் தீர்ப்பு வரோணும்னு ஆசைன்னா நான் தடுக்கல, பேரு நெலைக்கும்.

அதுக்காக ஜிபிஎல்லைக் கோர்ட்டு கண்டுக்காதுன்னு நெனைக்காத. பிரான்சுல ஆரஞ்சுன்னு பெரிய டெலிபோன் கம்பெனி. ஆந்த்ரூவேர்ங்கற சின்னக் கம்பெனியோட லாஸோ லைப்ரரிய, அது ஜிபிஎல்லு, அரசாங்க வேலை ஒண்ணுல உள்ள வெச்சுக் குடுத்தாங்க. பத்து வருசத்துக்கு மேல இழுத்த கேஸு. 2024 பிப்ரவரில பாரிஸ் மேல்முறையீட்டு கோர்ட் நஷ்டஈடா 6,50,000 யூரோ கட்டுன்னுச்சு. மானத்துக்குப் போட்டது தனி.

“நான் சேர்க்கல, சரக்குக் குடுத்தவன் சேர்த்தான்”னும் சொல்லிப் பாரு. 2003ல லிங்க்ஸிஸ் ரவுட்டருக்குள்ள லினக்ஸ் இருந்தது வெளிய வந்தப்ப அதே கதைதான்: சிப்பு ஒருத்தன், சாப்ட்வேர் இன்னொருத்தன், பெட்டில பேரு மட்டும் லிங்க்ஸிஸ். கேள்வி பேரு போட்டவனைத்தான் தேடி வந்துது. சோர்ஸைக் குடுத்தாங்க, அதுல இருந்துதான் ஓபன்டபிள்யூஆர்டிங்கற ரவுட்டர் சாப்ட்வேர் மொளைச்சுது.

உன்ற கம்பெனிக்குள்ளயே ஒண்ணு கெடக்குது. வீடியோ வேலைக்கு எஃப்எஃப்எம்பெக் பில்ட் பண்ற உன்ற பையன், எங்கியோ பாத்ததக் காப்பியடிச்சு ‘எனேபிள் ஜிபிஎல்’னு ஒரு சொல்லைச் சேர்த்திருக்கான். எக்ஸ்264ங்கற வீடியோ என்கோடர் வேணும்னா அது இல்லாம ஆகாது. அந்த ஒத்தைச் சொல்லுல எல்ஜிபிஎல்லா இருந்தது ஜிபிஎல்லாயிருச்சு. பக்கத்துலயே ‘எனேபிள் நான்ஃப்ரீ’ன்னும் போட்டிருந்தான்னா இன்னும் விசேசம்: அந்த பில்ட்டை யாருக்கும் குடுக்கவே கூடாது. விக்கறதுக்குன்னே பண்ணுன சரக்கு!

சர்வர்ல நீயே வெச்சு ஓட்டி, யாருக்கும் பிரதி குடுக்கலைன்னா ஜிபிஎல் உன்னைக் கேக்காது. ஏஜிபிஎல்னு இன்னொண்ணு இருக்குது, அது கேக்கும்: அந்த லைசென்ஸ் சரக்குல மாத்தம் பண்ணி நெட்டுல ஓட்டுனா, வந்து போறவனுக்கும் சோர்ஸ் காட்டோணும்.

வெசனப்படாத. குடுக்க வேண்டியது இவ்வளவுதான்: நீ அனுப்புன அதே பதிப்போட சோர்ஸு, அதை பில்ட் பண்ற ஸ்கிரிப்ட்டு, லைசென்ஸ் தாளு. ஒட்டுக்கா ஒரு ஜிப் ஃபைல்ல அடங்கிரும். கூட அனுப்ப முடியலைன்னா, கேட்டாத் தர்றோம்னு மூணு வருசத்துக்குக் குறையாம எழுதிக் குடுக்கோணும். 2007ல வந்த ஜிபிஎல் மூணாவது பதிப்புல இன்னும் எரக்கம்: மொதல் தப்புன்னா, ஓலை வந்து 30 நாளைக்குள்ள சரி பண்ணுனா உரிமை திரும்பிரும். ரெண்டாவது பதிப்புல அந்தத் தவணை இல்ல, மீறுனா அப்பவே ரத்து.

இன்னிக்கு ராத்திரியே நீ விக்கற பைனரி மேல எல்டிடிங்கற கமாண்டை ஓட்டி, வர்ற ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல லைசென்ஸ் என்னன்னு எழுது. ஸ்டேட்டிக்கா உள்ள போனதும், ஓடறப்ப டிஎல்ஓபன்ல கூப்புடறதும் அதுல தெரியாது. அதை பில்ட் பண்ற பையங்கிட்டக் கேட்டுச் சேரு. ஜிபிஎல்னு வர்றதுக்கு அடில செவப்பு மையில கோடு போட்டு, நாளைக்குக் காலைல எங்கிட்டக் கொண்டா.