சுவரு கெட்டப் போறீகளாக்கும்?

ஏப்பா பேராண்டிகளா, மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் நடுவுல ஒரு சுவரை எழுப்பிட்டா சண்டை ஓஞ்சுரும்னு வசூல் நோட்டைத் தூக்கிட்டு வந்திருக்கீக. நல்ல காரியம், கெட்டுங்க. அப்படியே வானத்துக்கும் ஒண்ணு கெட்டிருங்க. அந்தத் தெருக் காத்து நம்ம மூக்குல ஏறித் தொலைக்குதுல்ல? நாத்து நட, களையெடுக்க ஆளு வேணுமே, அதுக்கு மட்டும் சுவத்துல ஒரு கதவு. கூலி குடுக்க ஒரு சன்னலு. எம்புட்டு வசதி!

சிரிக்காதீக. உங்களுக்கு முன்னாலயே இந்த மூளை வேலை செஞ்ச ஊரு ஒண்ணு நம்ம மதுரை ஜில்லாவுலயே இருக்கு. எழுமலைக்குப் பக்கத்துல உத்தபுரம். 1989-ல அங்க சாதிச் சண்டை. வெட்டு, குத்து, சாவு. அதுக்கப்புறம் பிள்ளைமார் தெருவுக்கும் தலித் தெருவுக்கும் நடுவுல அறுநூறு மீட்டர் நீளத்துக்கு எழும்புச்சு சுவரு. ஊரு கூடிப் பேசித்தான் கெட்டுனோம்னு பிள்ளைமார் பக்கம் சொன்னாக. தலித் பக்கம் பொழுது விடிஞ்சா சுத்திக்கிட்டுப் போனாக.

அமைதி வந்துச்சான்னு கேக்குறியா? வந்துச்சேப்பா! சுடுகாட்டுலயும்தான் அமைதி இருக்கு, எவனும் எவனையும் ஏசுறதில்ல. சண்டை போடுறவனாவது எதிர்த்தவன் மூஞ்சியப் பாத்துப் பேசுறான். சுவரு கெட்டுனவனுக்கு அந்தப் பக்கம் பிள்ளை பெறந்தாலும் தெரியாது, பெருசு செத்தாலும் தெரியாது.

2008-ல அந்தச் சுவத்து மேல கம்பி இழுத்துக் கரண்டு குடுத்திருக்காகன்னு சேதி வந்து நாடே திரும்பிப் பாத்துச்சு. போராட்டம் பெருசாகி, மே 6-ஆம் தேதி அதிகாரிக வந்து ஒரு வண்டி போற அளவுக்கு இடிச்சு வழி விட்டாக. அந்தக் கோவத்துல பிள்ளைமார் குடும்பங்க ரேஷன் கார்டைத் திருப்பிக் குடுத்துட்டு, ஆடு மாட்டோட மலையடிவாரத்துக்குப் போயிருச்சுக. வீட்டை விட்டுப் போகலாம், சுவரை விட்டு இருக்க முடியாதாம்! கொஞ்ச நாள் கழிச்சுத் திரும்பி வந்தாக. மலையில எம்புட்டு நாளுக்குத்தான் கஞ்சி காய்ச்சுறது?

இனிமேதான் சேதியே. அந்த ரோசம், போராட்டம், கேசு எல்லாம் சேந்துதான் ரெண்டு தரப்பையும் ஒரு பாயில கொண்டாந்து உக்கார வச்சுச்சு. 2011-ல மாவட்ட எஸ்.பி.யா இருந்த அஸ்ரா கார்க் முன்னால பேசி முடிச்சுக் கையெழுத்துப் போட்டாக. கோயிலுக்குள்ள வந்து கும்பிடலாம், பஸ் நிழற்குடைக்குத் தடை சொல்ல மாட்டோம், கேசுகளை முடிச்சுக்கலாம்னு பேச்சு. அந்த வருசம் நவம்பர் 10-ஆம் தேதி தலித் சனம் முத்தாலம்மன் கோயிலுக்குள்ள போய்க் கும்பிட்டுச்சு. இருபது வருசத்துக்கு மேல சுவரு செய்யாததைச் சண்டை செஞ்சுச்சு. அதுக்கப்புறமும் கோயில் விசயத்துல முறுகல் வந்துச்சு, கோர்ட்டுப் படியும் ஏறுனாக. கையெழுத்துப் போட்ட மறுநாளே சம்பந்தம் பேசவா போறாக?

ஒரு சங்கதிய மட்டும் காதுல வாங்கிக்க. 'ரெண்டு கை தட்டுனாத்தான் ஓசை'ன்னு ஒருத்தன் நியாயம் பேச வந்தா, அவன் அடிச்சவன் வீட்டுப் பங்காளியான்னு விசாரிச்சுக்க. வழிய மறிச்சவனும் வழி கேட்டவனும் ஒண்ணு இல்ல. மொதல்ல வழிய விடணும், அப்புறந்தான் கை குலுக்குறது. மறிச்ச கல்லை எடுக்காம 'எல்லாரும் ஒண்ணா இருப்போம்'னா, அது சமாதானம் இல்லப்பா, சாமர்த்தியம்.

தாலுகா ஆபீஸுல அமைதிக் கமிட்டி போடுறப்ப போய்ப் பாத்திருக்கியா? இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை, மூஞ்சி எல்லாம் சுவத்தைப் பாக்கும். காத்தாடி சுத்தாது. தாசில்தாரு வர ஒரு மணி நேரம் தாமதமாகும். அப்ப ரெண்டு வரிசையும் சேந்து ஒரே குரல்ல ஆபீஸைத் திட்டும் பாரு, அதுதான் அன்னைக்கு மொத ஒப்பந்தம்! அப்புறம் டீக்காரப் பய வருவான். ஊருக்கடையில எந்த டம்ளரு யாருக்குன்னு தெரிஞ்ச மகராசன் இல்ல அவன். எல்லாருக்கும் ஒரே தட்டுல இருந்து நீட்டுவான். ஊருல குடிக்காதவுக எல்லாம் அங்க சத்தமில்லாமக் குடிப்பாக. ஒருத்தர் சாதியும் டீயில கரையல, நான் பாத்தேன்.

உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் கதையும் உனக்குத் தெரியும். 1996-ல ஊராட்சித் தலைவர் பதவிய தலித்துகளுக்கு ஒதுக்குனாகன்னு பத்து வருசம் தேர்தலை ஒழுங்கா நடக்க விடல. ஒப்புக்கு ஒருத்தரை நிறுத்தி, செயிச்ச கையோட ராஜினாமா எழுதி வாங்குன கூத்தும் நடந்துச்சு. நாற்காலியில இன்னார் உக்காரக் கூடாதுன்னு ஊரே தலைவர் இல்லாம நின்னுச்சு! 2006-ல கலெக்டரா இருந்த உதயச்சந்திரன் ஊரு ஊராப் போய்ப் பேசுனாரு, தேர்தல் நடந்துச்சு. வானம் இடிஞ்சா விழுந்துச்சு?

ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்பாக. இப்பக் கூத்தாடி பாவம், பட்டினி. கொண்டாட்டமெல்லாம் கொடி கெட்டி ஓட்டு எண்ணுறவனுக்குத்தான். உங்க வசூல் நோட்டுல மொதப் பக்கத்துல பெருந்தொகை எழுதியிருக்கானே, அவன் எந்தத் தெருவுல குடியிருக்கான்னு பாருங்க. நம்ம தெருவா? டவுன்ல பங்களா.

அதனால சொல்றேன். சண்டை வந்தா கொத்தனாரைத் தேடி ஓடாதீக. கீழத்தெரு ஆளுகளைக் கூப்பிட்டு, 'என்னப்பா உங்க வழக்கு'ன்னு கேட்டு, அவுக சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருங்க. அதுதான் சிரமம், சுவரு கெட்டுறது சுலுவு. கோவம் வந்தா கத்துங்க, எந்திரிச்சு மட்டும் போகாதீக. வசூலான ரூவாய்க்கு பஸ் நிக்கிற இடத்துல ஒரு நிழற்குடை போடுங்க. வெயிலு ரெண்டு தெருவுக்கும் ஒண்ணாத்தான் அடிக்குது.